கிட்டார் வகுப்பில் தடங்கல் எங்கே: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

எஃகுத் தந்தி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரில் வலக்கைக் கட்டைவிரல் கனத்த தந்திகளில் தாளம் தவறாமல் நடக்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுப்பது ஃபோக் கிட்டார் வாசிப்பு. அதை உள்ளூர் மாஸ்டர் ஒருவரிடம் தனி வகுப்பில் கற்றுக்கொள்பவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. சேர்ந்த சில மாதங்களுக்குள் ஏதாவது ஒரு தடங்கல் வந்தே தீரும். அப்போது மாணவர்கள் முதலில் தம் விரல்களை நொந்துகொள்கிறார்கள், பிறகு மாஸ்டரை நொந்துகொள்கிறார்கள். நான் பார்த்தவரையில் கோளாறு பெரும்பாலும் கருவியில் இருக்கிறது; அங்கே இல்லையென்றால் உட்காரும் முறையில், அதுவும் இல்லையென்றால் வீட்டுப் பயிற்சியில். வகுப்பு நடக்கும் விதத்தைச் சந்தேகிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். எந்த அறிகுறி தென்பட்டாலும் இந்த வரிசையிலேயே சோதித்துக்கொண்டு வருவது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

கீழே தந்திகளின் எண்கள் வழக்கப்படியே தரப்பட்டுள்ளன. மிக மெல்லியது 1-ஆம் தந்தி, மிகக் கனத்தது 6-ஆம் தந்தி.

விரல் நுனி வலி குறையவே இல்லை

முதல் சில வாரங்களில் இடக்கை விரல் நுனிகள் எரிவது இயல்பு. நாள்தோறும் சிறிது நேரம் வாசித்தால் தோல் தடித்து வலி அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் தந்திகள் ஃப்ரெட் பலகையிலிருந்து (ஃப்ரெட் என்னும் குறுக்குக் கம்பிகள் பதித்த கழுத்துப் பலகை) எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். கடைக்காரர்களும் மாஸ்டர்களும் இதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள்.

அளப்பதற்குப் பிளாஸ்டிக் அளவுகோல் உதவாது, ஏனென்றால் அதில் சுழியம் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். விளிம்பிலேயே சுழியம் தொடங்கும் எஃகு அளவுகோல் ஒன்றை 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி, ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 6-ஆம் தந்திக்கு ஏறத்தாழ 2.5, 1-ஆம் தந்திக்கு ஏறத்தாழ 2 என்றால் கருவி சரியாக இருக்கிறது. 4 மில்லிமீட்டர் காட்டினால் அந்தக் கிட்டாரில் மாஸ்டருக்கே கை வலிக்கும். விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் கடையிலிருந்து வீட்டுக்கு வருகின்றன. தந்திகளின் அடிமுனை உடலோடு பிணையும் பிரிட்ஜின் மேல் நிற்கும் சேடில் என்னும் வெள்ளைத் துண்டின் அடியைத் தேய்த்து உயரத்தைக் குறைப்பது பழுதுபார்ப்பவருக்குச் சிறிய வேலை. அதை நீங்களே செய்ய முயல வேண்டாம். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் புதுச் சேடில் வாங்க வேண்டியிருக்கும்.

உயரம் சரியாக இருந்தும் வலித்தால் தந்தியின் கனத்தைப் பாருங்கள். 1-ஆம் தந்தி 0.012 அங்குலமாக உள்ள செட்டைக் கழற்றிவிட்டு 0.010 அங்குலச் செட்டைப் பூட்டினால் அழுத்தம் கணிசமாகக் குறையும், ஒலி சற்று மெலியும். தொடக்கத்தில் இந்த இழப்பு பொருட்டில்லை. நைலான் தந்திக்கெனச் செய்யப்பட்ட கிளாசிக்கல் கிட்டாரில் மட்டும் எஃகுத் தந்தியை எக்காரணம் கொண்டும் ஏற்றக் கூடாது. 0.012 அங்குல எஃகுச் செட் எழுபது கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையைத் தரும். நைலான் செட்டின் இழுவிசை அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் விரலைக் கவனிக்க வேண்டும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் குறைந்த விசையே போதும். இரண்டு ஃப்ரெட்களின் நடுவில் அழுத்துபவர் தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறார்.

எஃப் கார்டு மட்டும் ஒலிக்க மறுக்கிறது

கார்டு என்பது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி. ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின் மேலும் படுக்கவைக்கும் எஃப் கார்டில்தான் பலர் கிட்டாரை மூலையில் சாத்திவைக்கிறார்கள். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அதே வடிவத்தை 5-ஆம் ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள், அது ஏ கார்டாக ஒலிக்கும். அங்கே ஓரளவு தெளிவாக ஒலித்து 1-ஆம் ஃப்ரெட்டில் மட்டும் செத்துப்போனால் விரலில் பெரிய குறையில்லை. கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கலாம். உறுதிசெய்துகொள்ள ஒவ்வொரு தந்தியையும் 2-ஆம் ஃப்ரெட்டுக்கும் 3-ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையில் அழுத்திக்கொண்டு, 1-ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே எவ்வளவு வெளி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். வெளி அதைவிடக் கண்கூடாக அதிகமென்றால் நட்டின் பள்ளத்தை அரத்தால் இறக்க வேண்டும்.

கருவி சரிதான் என்று தெரிந்துவிட்டால், ஃபோக் வாசிப்புக்கு முழு எஃப் உடனடியாகத் தேவையா என்று மாஸ்டரிடம் கேட்கலாம். 1, 2-ஆம் தந்திகளை ஆள்காட்டி விரலால் 1-ஆம் ஃப்ரெட்டிலும், 3-ஆம் தந்தியை நடுவிரலால் 2-ஆம் ஃப்ரெட்டிலும், 4-ஆம் தந்தியை மோதிர விரலால் 3-ஆம் ஃப்ரெட்டிலும் பிடிக்கும் சிறிய எஃப், விரலால் மீட்டும்போது குறைவாகத் தோன்றாது. பிறகு இடக்கைக் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்து 6-ஆம் தந்தியை 1-ஆம் ஃப்ரெட்டில் பிடிக்கப் பழகலாம். கிளாசிக்கல் பயிற்சி பெற்ற மாஸ்டர் இதைக் கெட்ட பழக்கம் என்று கண்டிக்கக்கூடும். ஆனால் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸே அப்படிப் பிடித்து வாசித்தவர்தான். இந்த ஒரு விஷயத்தில் மாஸ்டரின் சொல்லுக்கு எதிராகத் தயங்காமல் வாதாடலாம் என்பது என் கருத்து.

தந்தி இரைகிறது, ஸ்ருதி நிற்பதில்லை

இரைச்சல் ஒரே ஓரிடத்தில் வந்தால் அந்த ஃப்ரெட்டோ அதற்கு அடுத்ததோ மேடு தட்டியிருக்கும். எங்கும் வந்தால் தந்திகள் தாழ்ந்துவிட்டன அல்லது கழுத்து நேராகிவிட்டது என்று பொருள். கிட்டார் மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப உப்பியும் சுருங்கியும் மாறும். கடற்கரை ஊரின் மழைக்காலத்தில் முகப்புப் பலகை உப்பித் தந்திகள் உயர்வதும், நாள் முழுதும் ஏ.சி. ஓடும் அறையில் அதே கிட்டார் வறண்டு தந்திகள் தாழ்ந்து இரைவதும் வழக்கம். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் மரத்துக்கு நல்லது. நம் ஊரில் அதைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால் வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வைப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்னும் உலோகத் தண்டைத் திருகும் வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்ருதி நிற்காதபோது முதலில் தந்திகளின் வயதை எண்ணிப் பாருங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் எஃகுத் தந்திகளை விரைவில் துருப்பிடிக்க வைக்கின்றன. விரலால் தடவும்போது சொரசொரப்புத் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தால் ஆயுள் நீளும். புதுத் தந்தி என்றால் சில நாள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தந்தியைத் தளர்த்தி ஸ்ருதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் மீண்டும் இறங்கிவிடும். வேண்டிய ஸ்ருதிக்குக் கீழே இறக்கிவிட்டு மேல்நோக்கி முறுக்கிச் சேர்க்க வேண்டும். எல்லாத் தந்திகளும் தமக்குள் ஒத்து ஒலித்தும் மாஸ்டரின் கிட்டாரோடு மட்டும் ஒட்டவில்லையென்றால், அலைபேசியில் உள்ள ட்யூனர் செயலியின் அளவுகோல் 440 ஹெர்ட்ஸிலிருந்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள். கைதவறித் தொட்டாலே அது மாறிவிடும்.

மெட்டு சேர்ந்ததும் கட்டைவிரல் தடுமாறுகிறது

ஃபோக் கிட்டார் கற்பவர்களில் பாதிப் பேரின் குறை இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

மெர்ல் டிராவிஸின் பெயரால் டிராவிஸ் பிக்கிங் என்று வழங்கும் முறை அவருக்கு முன்பே கென்டக்கியின் முஹ்லென்பெர்க் வட்டாரத்தில் கைக்குக் கை வந்துகொண்டிருந்தது. அதில் கட்டைவிரல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கனத்த தந்தியை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே போகும். மெட்டு தட்டின் மேல் விழுந்தாலும் தட்டுகளுக்கு இடையில் விழுந்தாலும் அது அசைந்துகொடுக்காது. எனவே ‘தடுமாறுகிறது’ என்று மாஸ்டரிடம் பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எங்கே தடுமாறுகிறது என்று பிரித்துச் சொன்னால்தான் அவரால் உதவ முடியும்.

முதலில் சி கார்டைப் பிடித்துக்கொண்டு, தட்டுகளை எண்ணிக் காட்டும் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, கட்டைவிரலால் மட்டும் 5, 4, 5, 4 என்று தந்திகளை மீட்டுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரை அருகில் உட்காரவைத்து, “இன்னைக்கு என்ன குழம்பு? மீதி இருக்கா?” என்று பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். பதில் சொல்லும்போது கட்டைவிரல் ஒரு கணமாவது நின்றால் அது இன்னும் உங்கள் கவனத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த நிலையில் எந்த மெட்டையும் சேர்க்கக் கூடாது. மாஸ்டர் சேர்க்கச் சொன்னாலும், இன்னும் ஒரு வாரம் இதையே செய்து வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பேசிக்கொண்டே வாசிக்க முடிந்தால், முதல் தட்டில் மட்டும் கட்டைவிரலோடு சேர்த்து நடுவிரலால் 1-ஆம் தந்தியைக் கிள்ளுங்கள். அது பழகியதும் இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடையில் ஆள்காட்டி விரலால் 2-ஆம் தந்தியை மீட்டுங்கள். தடுமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கும். இடையில் விழும் ஸ்வரத்தோடு கட்டைவிரலும் சேர்ந்து விழுந்துவிடும், அல்லது அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அவ்வாறானால் வேகத்தை 50-க்கு இறக்கி, “ஒன்று, இரண்டு, அட, மூன்று, நான்கு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாசிக்க வேண்டும். ‘அட’ என்னுமிடத்தில் ஆள்காட்டி விரல் மட்டும் அசையும். கர்நாடக இசை பழகியவர்கள் கையால் தாளம் போட்டுக்கொண்டே, தட்டு விழாத இடத்தில் பாட்டை எடுக்கக் கற்றவர்கள். அவர்களுக்கு இந்தப் பிரிவினை ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் இதை முதல் வகுப்பிலேயே மாஸ்டரிடம் தெரிவித்துவிட வேண்டும், பாடம் வேறு இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரே கார்டில் நன்றாக வந்து, கார்டு மாறும்போது மட்டும் கட்டைவிரல் நின்றால் கோளாறு இடக்கையில் இருக்கிறது. சி கார்டைத் தொடக்கக்காரர்கள் ஆள்காட்டி விரலில் தொடங்கி, நடுவிரல், மோதிர விரல் என்று வரிசையாக வைப்பார்கள். ஆனால் புதிய கார்டு வந்ததும் கட்டைவிரல் முதலில் கேட்பது 5-ஆம் தந்தியை, அதாவது மோதிர விரல் 3-ஆம் ஃப்ரெட்டில் பிடித்திருக்க வேண்டிய தந்தியை. ஆகவே மோதிர விரல் முதலில் இறங்க வேண்டும், மற்ற இரண்டும் அரைத்தட்டு பிந்தி வந்தாலும் காதுக்குத் தெரியாது. ஜி கார்டில் இதேபோல் 6-ஆம் தந்தியைப் பிடிக்கும் விரல் முந்த வேண்டும். டி, ஈ மைனர் ஆகியவற்றில் கட்டைவிரல் கேட்கும் முதல் தந்தி திறந்தே இருப்பதால் தொல்லை குறைவு. இந்த ஒரு திருத்தத்தால் சரியாகிவிடும் கைகள் பல.

கட்டைவிரல் தவறான தந்தியில் போய் விழுகிறது என்றால் எந்தக் கார்டுக்கு எந்தத் தந்தியில் தொடங்குவது என்பதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை: சி, ஏ, ஏ மைனர் ஆகியவற்றுக்கு 5, ஜி, ஈ, ஈ மைனர் ஆகியவற்றுக்கு 6, டி, சிறிய எஃப் ஆகியவற்றுக்கு 4. கூடவே அலைபேசியைச் சாய்த்து வைத்து வலக்கையைப் படம் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு முன்னால், கழுத்துப் பக்கம் நீண்டிருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தால் ஆள்காட்டி விரலோடு மோதிக்கொண்டேதான் இருக்கும்.

கட்டைவிரல் ஒழுங்காக நடக்கிறது, பாட்டோடு மட்டும் ஒட்டவில்லை

தமிழ் நாட்டுப்புற மெட்டு ஒன்றை இந்த முறையில் வாசிக்க முயல்பவர்களுக்கு இது நேரும். மேலே சொன்ன நடை நான்கு தட்டுகளுக்கு உரியது. கும்மிப் பாடல்கள் பலவும் தட்டு மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் போகின்றன, அவற்றை நான்கில் திணித்தால் இரண்டாம் வரியிலேயே பாட்டு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போய்விடும். பாட்டைக் கைதட்டிப் பாடி, தட்டுக்குள் ‘தகிட’ பொருந்துகிறதா ‘தகதிமி’ பொருந்துகிறதா என்று பாருங்கள். தகிட என்றால் கட்டைவிரல் ஒன்று, ஆள்காட்டி ஒன்று, நடுவிரல் ஒன்று என்ற மூன்றின் நடையை மாஸ்டரிடம் கேட்டுப் பெற வேண்டும். அத்தகைய மெட்டுகளில் வரிக்கு வரி கார்டு மாற்றுவதும் பெரும்பாலும் வீண்வேலை. 6-ஆம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிட்டால் 6, 5, 4-ஆம் தந்திகள் ஸ, ப, ஸ என்று நிற்கும். அந்த ஆதார ஒலியின் மேல் மெட்டு தானாக உட்காரும்.

வாசிக்க முடிகிறது, பாடத் தொடங்கினால் கை நின்றுவிடுகிறது

பாட்டு உங்கள் குரலுக்கு எட்டாத ஸ்ருதியில் இருந்தால் கவனம் முழுதும் தொண்டைக்குப் போய்விடும், கை தானாக நிற்கும். இதைத் திறமைக் குறைவு என்று கருதி மாதக்கணக்கில் போராடுபவர்கள் இருக்கிறார்கள். கழுத்தின் குறுக்கே எல்லாத் தந்திகளையும் அழுத்தி ஸ்ருதியை உயர்த்தும் கவ்வியான கேப்போ இதற்குத்தான் இருக்கிறது. உங்கள் கட்டை, அதாவது பாடும் ஆதார ஸ்ருதி, தெரிந்திருந்தால் கணக்கு எளிது: 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. நாலரைக் கட்டையில் (எஃப் ஷார்ப்) பாடுபவர் டி கார்டு வடிவங்களை வைத்துக்கொண்டு 4-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ பூட்டலாம், அல்லது ஈ வடிவங்களோடு 2-ஆம் ஃப்ரெட்டில் பூட்டலாம். ஐந்தரைக் கட்டைக்கு ஜி வடிவங்களும் 1-ஆம் ஃப்ரெட் கேப்போவும் போதும். மாஸ்டர் தம் குரலுக்கு ஏற்ற ஸ்ருதியில் கற்பித்துவிட்டு அதையே வாசிக்கச் சொல்வது அடிக்கடி நடக்கிறது, கேட்டால் மாற்றிக்கொடுப்பார்.

கேப்போவை ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் பூட்டிய பின் ஸ்ருதியை மறுபடி சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் அழுத்தம் ஸ்வரத்தைச் சற்று உயர்த்தும். ஸ்ருதி பொருந்தியும் கை நின்றால், சொற்களை விட்டுவிட்டு மெட்டை முனகிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அது வந்ததும் சொற்களைப் பேசுவதுபோல் தாளத்தில் சொல்லுங்கள், பாடுவது கடைசியில்.

வகுப்பில் வருகிறது, வீட்டில் வரவில்லை

வகுப்பில் மாஸ்டரும் உடன் வாசித்துக்கொண்டிருந்தாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். நீங்கள் விட்ட ஸ்வரங்களை அவர் கிட்டார் நிரப்பியிருக்கும், நீங்கள் பிந்திய இடத்தில் அவர் தாளம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். வீட்டில் அந்தத் துணை இல்லை என்பதால் வகுப்பில் மறைந்திருந்த குறை வெளியே தெரிகிறது. ஒவ்வொரு வகுப்பின் இறுதி ஐந்து நிமிடத்தையும் இதற்காக ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்: “சார், கடைசியா நான் மட்டும் ஒரு தடவை வாசிக்கிறேன், நீங்க கேட்டுட்டு எங்க தப்புன்னு சொல்லுங்க.” இப்படிக் கேட்பதை எந்த நல்ல மாஸ்டரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

அவர் அனுமதித்தால் அன்றைய பாடத்தை அலைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். மாஸ்டரின் முகமும் கிட்டாரும் முழுதாகத் தெரியும் காணொளியால் வீட்டில் உதவி குறைவு. இடக்கை மட்டும் நெருக்கத்தில் ஒரு முறை, வலக்கை மட்டும் நெருக்கத்தில் ஒரு முறை, இரண்டும் மெதுவான வேகத்தில் என்று எடுத்தால் அடுத்த வகுப்பு வரை வழிகாட்டும்.

உட்காரும் இடமும் ஒரு காரணம். வகுப்பில் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வீட்டில் கட்டிலிலோ தரையில் சம்மணமிட்டோ வாசித்தால் கிட்டாரின் அடிப்பாகம் முழங்காலில் முட்டி, கழுத்து தாழ்ந்து, இடக்கை மணிக்கட்டு வேறு கோணத்துக்கு மடங்கும். கை வகுப்பில் கற்றது அந்தக் கோணத்துக்குப் பொருந்தாது.

கடைசியாகப் பயிற்சி நேரம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உழைப்பவரைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பவர் முன்னே போய்விடுவார். விரல் தோல் தடிப்பதற்கும் அசைவு படிவதற்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. வகுப்புக்கு முந்தின இரவு மட்டும் கிட்டாரை எடுப்பவர் எந்த மாஸ்டரிடம் போனாலும் இதே குறையோடுதான் இருப்பார்.

வாரம் ஒரு பாட்டு, முழுதாக ஒன்றும் இல்லை

மாணவர் சலித்துப்போய் நின்றுவிடுவாரோ என்ற அச்சத்தில் மாஸ்டர்கள் புதுப்பாட்டுகளை அடுக்குவதுண்டு. மாணவர்களும் அதை உள்ளூர விரும்புகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று பாட்டுகளைத் தேர்ந்து, முன்னிசை முதல் முடிவு வரை பார்க்காமல் வாசிக்கும்வரை நான்காவதற்குப் போவதில்லை என்று இருவருமாகப் பேசி முடிவுசெய்துகொண்டால் இது தீரும்.

கேட்டது ஒன்று, கற்பிக்கப்படுவது வேறு

விரலால் மீட்டக் கற்க வந்தவருக்குத் எல்லாத் தந்திகளையும் ஒருசேர வருடும் ஸ்ட்ரம்மிங்கே, அதுவும் திரைப்பாடல்களுக்கு, மாதக்கணக்கில் நடக்கிறது. அல்லது டிரினிட்டி போன்ற கிரேடு தேர்வுக்கான கிளாசிக்கல் பாடத்திட்டம் கையில் தரப்படுகிறது. இதில் மாஸ்டரின் மேல் குற்றமில்லை. அவரிடம் வரும் பெரும்பாலோர் கேட்பது அவைதான். தேவையைச் சொல்லால் விளக்குவதைவிட, நீங்கள் வாசிக்க விரும்பும் வகையில் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டி, “சார், இந்த மாதிரி வாசிக்கணும், உங்களால சொல்லித்தர முடியுமா?” என்று நேராகக் கேட்பது நல்லது. தம்மால் முடியாது என்று நேர்மையாகச் சொல்லும் மாஸ்டர்கள் பலர். சிலர் வேறொருவரைக் கைகாட்டுவார்கள்.

ஊரில் வேறு யாரும் இல்லை, இருக்கும் மாஸ்டருக்கு ஸ்ட்ரம்மிங் மட்டுமே தெரியும் என்றாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. 1927 ஆகஸ்டில் டென்னசியின் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக இசைத்தட்டுக்கு வாசித்த கார்ட்டர் குடும்பம் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழுவின் மேபெல் கார்ட்டர், கட்டைவிரலால் கனத்த தந்திகளில் மெட்டை எடுத்துக்கொண்டே, இடையிடையே ஆள்காட்டி விரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளத்தை நிரப்பினார். ஸ்ட்ரம்மிங் தெரிந்த எந்த மாஸ்டராலும் ஒலிப்பதிவைக் கேட்டு இதைப் பிரித்துச் சொல்லித்தர இயலும், பிக் என்னும் சிறு தகட்டை வைத்தும் வாசிக்கலாம். கார்டுகள் அவையே, கை அசைவும் ஏறத்தாழ அதுவே. ஒற்றைத் தந்தியைக் குறிவைக்கும் பழக்கம் மட்டும் புதிது. விரல்வழிக்குப் போக இதைவிட நல்ல படி கிடைப்பது அரிது.

மணிக்கட்டில் வலி, விரல்களில் மரத்துப்போகும் உணர்வு

விரல் நுனித் தோலின் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டிலும் மணிக்கட்டிலும் வலி வந்தாலோ விரல்கள் மரத்துப்போனாலோ அன்றே வாசிப்பதை நிறுத்த வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் திரும்ப வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயரம் குறைந்தவர்கள் டிரெட்னாட் எனப்படும் பெரிய உடல் கொண்ட கிட்டாரை வைத்துக்கொண்டு வலத்தோளைத் தூக்கியபடி வாசிப்பது இதற்கு ஒரு பொதுவான காரணம். சிறிய உடல் கொண்ட கிட்டாரை மாஸ்டரிடம் ஒரு வகுப்புக்கு இரவல் வாங்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்

இதை முதல் வகுப்பிலேயே தீர்க்க வேண்டும். வட கரோலினாவில் 1893-இல் பிறந்த அமெரிக்க ஃபோக் கலைஞர் எலிசபெத் காட்டன் வலக்கைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து, விரல்களால் கனத்த தந்திகளையும் கட்டைவிரலால் மெட்டையும் வாசித்தார். அவர் தாமாகவே கற்றவர். மாஸ்டரிடம் கற்பவருக்கு அந்த வழி உதவாது, ஏனென்றால் மாஸ்டரின் கை எதுவும் உங்கள் கைக்குப் பொருந்தாது. இடக்கைக் கிட்டார் வாங்குவது அல்லது வலக்கைக் காரரைப் போலவே கற்பது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். சாதாரணக் கிட்டாரில் தந்திகளை மட்டும் இடம் மாற்றினால் போதும் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். நட்டின் பள்ளங்களும் சேடிலின் சாய்வும் பழைய வரிசைக்கே வெட்டப்பட்டவை.

மேற்கண்டவை எல்லாம் சரி, ஆனாலும் நகரவில்லை

இப்போதுதான் மாஸ்டரின் முறை. சென்ற வாரம் என்ன கற்பித்தார் என்று ஒவ்வொரு வகுப்பிலும் உங்களையே கேட்கிறார், நீங்கள் தனியாக வாசித்து அவர் கேட்டதே இல்லை, பாட நேரத்தில் பாதி அவர் வாசிப்பைக் கேட்பதில் போகிறது, தள்ளிப்போட்ட வகுப்புகள் ஈடுசெய்யப்படுவதில்லை என்றால் ஒரு முறை வெளிப்படையாகப் பேசிப் பாருங்கள். கட்டணத்தை மாதத்துக்கு இவ்வளவு என்று தருவதைவிட, நடந்த வகுப்புகளுக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொள்வது கடைசிக் குறையை மட்டுமாவது தீர்க்கும். அடுத்த நான்கு வகுப்புகளில் மாற்றம் இல்லையென்றால் அந்த மாதக் கட்டணத்தை முழுதாகச் செலுத்திவிட்டு, நேரில் சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் நின்றுவிட வேண்டாம். சிறிய ஊரில் அடுத்த மாஸ்டர் பெரும்பாலும் இவருக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். புதியவரிடம் போகும்போது இதுவரை கற்ற பாட்டுகளின் பட்டியலைக் கொடுப்பதைவிட, கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று தெரியும்படி ஒரு பாட்டை வாசித்துக்காட்டினால் அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வார்.